மாதேசனின் வலது கை

போன மாதம், கீபோர்டு ரிப்பேர் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பழைய கீபோர்டு ஒன்று வயிறு திறந்து கிடக்கிறது. அதிலிருந்த ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, பென் டிரைவ் செருகுகிற புதுப் பெட்டியை வைக்கப் போகிறாராம். "பட்டை ஒயரின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும்? மாற்றிச் செருகினால் என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தார். கீழே ஆளாளுக்கு ஒரு பதில். ஒருவர் இடது என்றார், இன்னொருவர் வலது என்றார். மூன்றாமவர், "ஒன்றும் ஆகாது, இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள்" என்று எழுதிக் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டியிருந்தார்.

அந்தக் குழுவில் நான் வாய் திறப்பதில்லை. ஓய்வு பெற்றவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அன்று மட்டும் பொறுக்கவில்லை. "போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே டிஸ்க் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்" என்று எழுதினேன். உடனே நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். ஏன் சார், உங்களுக்கு அப்படி ஆகியிருக்கிறதா, அனுபவத்தை எழுதுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. அனுபவம் என்றாலே யாரோ சாமர்த்தியம் செய்து ஜெயித்த கதை என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல. என்னிடம் இருப்பது அந்த மாதிரி அனுபவம் இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன், இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்.

அப்பா மைசூரில் ஒரு பட்டு ஆலையில் தறி மெக்கானிக். நான் ரேடியோ, டி.வி. டிப்ளமா முடித்து, இருபத்திரண்டு வயதில் அக்ரஹாரத்தில் நரசிம்மன் சாரின் பட்டறையில் சேர்ந்தேன். கோவில் தெருவில், பூக்கடைக்கு மேலே மாடி. முதல் வருடம் திருகு கழற்றினேன். இரண்டாம் வருடம் தூசி தட்டினேன். மூன்றாம் வருடம்தான் சால்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருடம் அதே மாடிதான். முதலில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் வந்தன. பிறகு ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் கீபோர்டுகள். தசரா, கணபதி, ராஜ்யோத்சவம் என்று இந்த ஊரில் வருடத்தில் பாதி நாள் எங்காவது மேடை போட்டிருப்பார்கள், ஆகவே எங்களுக்கும் வேலை இருந்தது. கடைசியாகக் கம்ப்யூட்டர்களும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே மேஜையில் கிடந்ததால், செத்த கம்ப்யூட்டரின் பாகம் சாகக் கிடக்கும் கீபோர்டுக்குப் போவது எங்களுக்குச் சகஜமாகிவிட்டது.

நரசிம்மன் சார் மேல்கோட்டைக் குடும்பம். நெற்றியில் நாமம், முழுக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கொஞ்சம் பொறு என்பதைத் தமிழில் சொல்லியும் கேட்டதில்லை. எப்போதும் கன்னடத்தில் "ஸ்வல்ப தடிப்பா"தான். அதை அவர் சொன்னால் கையிலிருப்பதை மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று அர்த்தம். எதைத் திறந்தாலும் முதல் பத்து நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும்தான் அனுமதி.

"கண்ணு மொதல்ல போகட்டும். கை போயிடுத்துன்னா அப்பறம் கண்ணு எதையும் பாக்காது" என்பார்.

வந்த புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. வாடிக்கையாளர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், தெரியாமல் முழிக்கிறோம் என்று நினைக்க மாட்டாரா? நினைத்துவிட்டுப் போகட்டும் என்பார் சார். கழற்றிய திருகுகளைப் போட்டு வைக்க முட்டை அட்டை. ஒரு குழிக்கு ஒரு மூலை, கழற்றிய வரிசையிலேயே. ஐயங்கார் பட்டறையில் முட்டை அட்டையா என்று கீழே பூக்கடைக்காரர் கேலி செய்தால், "அட்டையைத்தானே வாங்கினேன், முட்டையை நீர் தின்னுட்டீரே" என்று பதில் போகும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம் ஆடு. அது ஆடு இல்லை, ஒரு ஃப்ளாப்பி டிஸ்க். முன்பொரு தடவை, சார் சரிசெய்த டிரைவ் ஒன்று வாடிக்கையாளரின் டிஸ்க்கை உள்ளே இழுத்துக் கீறிப்போட்டுவிட்டது. அன்றிலிருந்து எந்த டிரைவை மாட்டினாலும் முதலில் எங்கள் டிஸ்க்கைத்தான் விட வேண்டும். அதன் மேல் 'பலி' என்று அவர் கையால் எழுதியிருந்தார். நாங்கள் ஆடு என்போம். அது உள்ளே போய், படித்து, முழுசாக வெளியே வந்தால்தான் வந்தவரின் டிஸ்க் உள்ளே போகும். அப்போதும் அதன் மூலையில் இருக்கும் சின்னக் கறுப்புக் கதவைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கதவு திறந்திருந்தால் டிரைவ் படிக்கும், எழுதவோ அழிக்கவோ முடியாது. நாமம் போட்ட மனிதர் மாடியிலிருந்து "தங்கவேலு, ஆட்டை விட்டாச்சா?" என்று கேட்பதும், நான் "விட்டாச்சு சார், உயிரோட வந்துடுச்சு" என்று சொல்வதும் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

கம்ப்யூட்டர் பாகத்தை வைத்து நாங்கள் சரிசெய்த முதல் வாத்தியம் ஒரு பள்ளிக்கூடத்து எலக்ட்ரானிக் ஆர்கன். அதன் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. சார் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். அருமையாக வேலை செய்தது. ஒரு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியை படியேறி வந்தார். பிரார்த்தனையில் பிள்ளைகள் கண்ணை மூடினதும் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கிறதாம். பவர் சப்ளையின் மின்விசிறி! எங்கள் பட்டறையின் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவே இல்லை. விசிறியைக் கழற்றி, சூடு போக அலுமினியத் தகடு வைத்துக் கொடுத்தோம். சார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பட்டறையில் நாங்கள் சிரித்த நாட்களும் நிறைய உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மாதேசன் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஆடி மாதம். அவர் மனைவி சரோஜாவும் ஆட்டோக்காரருமாகப் போர்வையில் சுற்றிய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, அவர் ஒவ்வொரு படியாகக் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து ஆள். பதினெட்டு வயதில் மைசூருக்கு வந்து, முப்பது வருடம் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு. நானே அவரை மேடையில் பார்த்திருக்கிறேன். முந்தைய வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சட்டைக்கை மட்டும் ஆடுகிற மாதிரி அது தொங்கியது. மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்து, முதலில் அவர் சொன்னது இதுதான்:

"ஏனுங்க சார், இதுக்குள்ள என்ற வலது கை இருக்குதுங்க. அத எடுத்துக் குடுக்கோணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாதம் தலையையும் தொட்டுவிட்டதோ என்று அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறவர். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அவர்தான் விளக்கினார்.

"புதுப் பாட்டு பழகறப்ப, ஒரு கைய மட்டும் வாசிச்சுப் பெட்டியில புடிச்சு வெச்சுக்குவாருங்கண்ணா. அப்பறம் அத ஓட உட்டுட்டு இன்னொரு கையப் பழகுவாரு. வலது கை வேற டிஸ்க்கு, எடது கை வேற டிஸ்க்கு. இருவது வருசமா அப்புடித்தான்."

சரோஜா பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். பதினோரு டிஸ்க்குகள். வலதுக்கு ஏழு, இடதுக்கு நாலு. ஒவ்வொன்றிலும் பாட்டுப் பட்டியல் பொடி எழுத்தில் இருந்தது. பெட்டி ஓடினால் வலது கையை டிஸ்க்கிலிருந்து ஓடவிட்டு, இடது கையை மாதேசன் நேரில் வாசிப்பார். ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவரிடம் பேசியிருந்தார். கணபதி பண்டிகைக்குள் பெட்டியோடு வந்தால் பழைய நாற்காலி அவருக்குத்தான், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று நடத்துகிறவர் சொல்லிவிட்டாராம்.

"பாட்டு வராட்டிப் போகுதுங்க சார். மேடையில நாலு பேரோட உக்காரோணும். ஊட்டுல உக்காந்து செவுத்தையே பாத்துக்கிட்டிருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றார் மாதேசன்.

ஜப்பான் கீபோர்டு அது. முப்பது வயதுக்கு மேல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன், சாரும் பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்று வியாதிகள். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. உள்ளே இருந்த பேட்டரி ஒழுகி, போர்டில் இரண்டு அங்குலம் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. ஃப்ளாப்பி டிரைவைச் சுழற்றுகிற ரப்பர் பெல்ட் வெல்லப்பாகு மாதிரி உருகி உள்ளே ஒட்டிக்கிடந்தது. இந்த மூன்றுக்கும் புதுப் பாகம் உலகத்தில் எங்கும் கிடைக்காது. சார், "பண்ணலாம், ஆனா நாள் ஆகும்" என்றார். மாதேசன் தலையாட்டினார்.

மறுநாள் ஹெப்பாள் போகும் வழியில் இருக்கும் குஜிரிக்குப் போனேன். பழைய சாமான் கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் அங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஃப்ளாப்பி டிரைவ் உள்ள பெட்டி கிடைப்பது அப்போதே அபூர்வம். அரை நாள் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். பவர் சப்ளையும், தாய்ப் பலகையிலிருந்து பேட்டரிக் கூடும் எடுத்துக்கொண்டேன். டிரைவில் ஒரே குறைதான். யாரோ ஒயரை வெடுக்கென்று பிடுங்கியதில், பின்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விளிம்பு உடைந்துபோயிருந்தது. அந்த விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். ஒயரைத் தலைகீழாகச் செருக முடியாமல் காப்பது அந்தப் பள்ளம்தான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வாங்கி வந்தேன்.

பேட்டரி தின்ற கோடுகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட நாலு நாள் ஆயிற்று. பவர் சப்ளை ஒரு நாள். டிரைவுக்கு ஒரு சின்ன வைத்தியம் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வந்த டிரைவ் தன் பெயர் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும், கீபோர்டு ஒன்றைத்தான் கூப்பிடும். ஒரு சொட்டு ஈயத்தை ஒரு இடத்திலிருந்து எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தால் பெயர் மாறிவிடும். மூன்றாம் நாளிலிருந்து மாதேசன் தினமும் வந்து உட்கார ஆரம்பித்தார். காலையில் சரோஜா வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவார், மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார். மாதேசன் எதுவும் கேட்க மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக வேகமாகிவிடுகிறது. நான் எவ்வளவோ வருடம் வேலை பார்த்தவன்தான், எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. கணபதிக்கு ஐந்து நாள் இருந்தது. நரசிம்மன் சார் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார், பட்டறையில் நான் மட்டும். சரோஜாவுக்கும் அன்று விடுமுறை, கணவரோடு வந்திருந்தார். பதினொரு மணி வாக்கில் சுவிட்சைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது. மாதேசன் ஸ்டூலை இழுத்துப் போட்டு இடது கையை வைத்தார். ஒரு வருடமாகக் கேட்காத சத்தம். கீழே பூக்கடைக்காரர் "என்ன சாமி, கச்சேரியா?" என்று குரல் கொடுத்தார். மாதேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"டிஸ்க்குப் போட்டுப் பாக்கலாமுங்களா?"

டிரைவை இன்னும் மாட்டவில்லை. மதியம் மாட்டலாம் என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, டிரைவின் பட்டை ஒயரை எடுத்துச் செருகினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவில்லை. செருகியதுமே டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது.

"வெளக்கு எரியுதுங்க சார்!" என்றார் மாதேசன்.

எனக்கும் சந்தோஷம். இந்த இடத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டிரைவின் விளக்கு, படிக்கும்போது மட்டும்தான் எரிய வேண்டும். செருகியதும் எரிந்து அணையாமல் நின்றால் ஒயர் தலைகீழ் என்று அர்த்தம். அந்த நிலையில் உள்ளே போகிற டிஸ்க்கை டிரைவ் படிக்காது, தன் தலை நிற்கிற இடத்தை அழிக்கும். இதைப் பத்துப் பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆடு, சாரின் மேஜை இழுப்பறையில் இருந்தது. மூன்று எட்டு வைத்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல இதப் போடுங்க" என்று மாதேசன் வலது கை டிஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் கறுப்புக் கதவையும் தள்ளவில்லை. போட்டேன். திரையில், படிக்க முடியவில்லை என்று வந்தது. இருபது வருட டிஸ்க், ஒன்றிரண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். "அடுத்தது குடுங்க" என்று கேட்டதும் நான்தான். அவர் கொடுத்தார். அதுவும் இல்லை. மூன்றாவது, நாலாவது. அவர் இடது கையால் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதும், நான் வாங்கிப் போடுவதுமாக ஏழும் போயின. எட்டாவதை அவர் நீட்டியபோது டிரைவின் வாய் காலியாக இருந்தது. விளக்கு மட்டும் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

பின்னால் எதையோ சரிசெய்கிற மாதிரிக் குனிந்து ஒயரைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். விளக்கு அணைந்தது. எழுந்துபோய் ஆட்டை எடுத்து வந்து விட்டேன். படித்தது. பிறகு மீதி நாலு டிஸ்க்குகளைப் போட்டேன். நாலும் சுத்தமாகப் படித்தன. பட்டறை முழுக்க மாதேசனின் இடது கை கேட்டது. அவருக்கு மிச்சமிருந்த கை.

"அந்த ஏழு என்னாச்சுங்க சார்?"

பொய் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. அது தானாக வாயில் வந்தது. "ஈரம் பட்டிருக்கு. பூஞ்சை புடிச்சிடுச்சு. பழைய டிஸ்க்கு இல்லையா" என்றேன்.

மாதேசன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "மழக்காலத்துல டப்பாவ மேல எடுத்து வெய்யி, மேல எடுத்து வெய்யின்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? கேட்டியா நீயி? என்ற கையவே அழிச்சுப்போட்டயே."

சரோஜா டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கிளம்பும்போது அந்த ஏழு டிஸ்க்குகளையும் மேஜை மேல் வைத்து, "தூக்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மாதேசன் படியிறங்கினார். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நானும் ஆட்டோ வரை போனேன்.

அன்று மாலை சார் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி ஓடினதைச் சொன்னேன், ஏழு டிஸ்க் போனதைச் சொன்னேன். இரண்டே கேள்விதான் கேட்டார்.

"ஆட்டை விட்டியா?"

"இல்ல சார்."

"அவன்ட்ட என்ன சொன்னே?"

"பூஞ்சைன்னு சொல்லிட்டேன் சார். அவர் அந்தம்மாவைத் திட்டினார்."

சார் கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார். "டிஸ்க் போனதுல பாதி தப்பு என்னுது. உன்னைத் தனியா விட்டுட்டு வந்து படுத்துண்டேன். அந்தப் பொண்ணு தலையில போட்டியே, அது முழுக்க உன்னுது. நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

நான் சொல்லப் போகவில்லை. அந்த ஏழு டிஸ்க்கிலிருந்தும் எதையாவது மீட்டுக்கொண்டு போனால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழிந்திருந்தது ஒவ்வொன்றிலும் முதல் வளையம் மட்டும்தான். ஆனால் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இருப்பது அந்த வளையத்தில்தான். பாட்டு உள்ளே இருக்கிறது, போக வழி இல்லை. குஜிரியிலிருந்து முழுக் கம்ப்யூட்டரே கொண்டுவந்து, நல்ல டிஸ்க்கின் அட்டவணையை நகலெடுத்து ஒட்டி, இடத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கணபதி வந்து போயிற்று. ஆர்கெஸ்ட்ராவில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தசராவும் போயிற்று. மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்தது நாற்பது விநாடி. ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து ஆரம்பித்து, நடுவிலேயே நின்றுவிடும். ஆனால் அது மாதேசனின் வலது கைதான். அந்தக் குழைவை மேடையில் நான் கேட்டிருக்கிறேன்.

அதை ஒரு புது டிஸ்க்கில் எழுதி, கறுப்புக் கதவைத் தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளுக்குப் பஸ் ஏறினேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடுகள். பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரில் அவர் வீடு. இறங்கும்போதே இடது கை மட்டும் வாசிக்கும் சத்தம் தெருவில் கேட்டது.

மாதேசன் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். சரோஜா காபி கொண்டுவந்து வைத்தார். டிஸ்க்கைப் போட்டேன். நாற்பது விநாடி. முடிந்ததும் அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். இரண்டாம் தடவை இடது கையைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு கைகளும் சேர்ந்து ஓடின. வலது கை சட்டென்று நின்ற பிறகும் இடது கை இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. நாலு தடவை வாசித்தார். முகம் பழைய மேடை முகமாகிவிட்டது. பிறகு அடுக்களை வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? இத்தனையும் இருந்துது. உன்னாலதான் போச்சு."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்களால இல்லைங்க. என்னால" என்றேன். ஒயர் தலைகீழாக இருந்ததை, விளக்கு அணையாமல் எரிந்ததை, எங்கள் டிஸ்க்கை முதலில் விடாததை, பூஞ்சை என்று ஒன்றுமே இல்லை என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் திட்டவில்லை. "வெளக்கு எரியுதுன்னு நாந்தானுங்க சொன்னேன்" என்றார்.

"அதனால ஒண்ணுமில்ல. பாக்க வேண்டியவன் நான்."

"போட்டுப் பாக்கலாமான்னு அவசரப்பட்டதும் நாந்தான். ஏழையும் எடுத்துக் குடுத்ததும் நாந்தானுங்க. இந்தக் கையாலதான்." இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்க இல்லீங்க மாதேசன், நான்தான்" என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்தக் கையை மடியில், செத்த கையின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எட்டி சுவிட்சை அணைத்தார்.

சரோஜா கேட் வரை கூட வந்தார். முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா. மூணு மாசம் உங்களத் திட்டு வாங்க வெச்சிட்டேன்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கண்ணா" என்றார். "டப்பா பீரோவுக்குள்ள துணிக்கு நடுவுலதான் இருந்துது. ஒரே டப்பாவுல ஏழுக்கு மட்டும் ஈரம் வருமுங்களா? உங்க மூஞ்சியப் பாத்தன். சரி, யாரு மேலயாச்சும் கோவப்பட்டுக்கிட்டுக் கெடக்கட்டும், அந்தக் கோவத்துலயாச்சும் தெனம் ரண்டு மணி நேரம் உக்காந்து எடது கையில வாசிக்கறாருன்னு நானே சொமந்துக்கிட்டிருந்தன். இன்னைக்கு வந்து அத எறக்கி அவரு தலையிலயே வெச்சுப்போட்டீங்களே அண்ணா."

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் தெருவைக் கடந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் காதை அந்த வீட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றேன். கீபோர்டுச் சத்தம் வரவில்லை.